அரைக்கால் பக்கம்

திரைக்கதை எழுத வருகிற இளைஞன் இன்று முதலில் கேட்பது எதைப் பற்றி எழுதுவது என்பதல்ல, எந்த மென்பொருளில் எழுதுவது என்பது. எந்த எழுத்துரு, இடது ஓரம் எத்தனை அங்குலம், வசனம் எந்த இடத்தில் தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் சாஸ்திரம் போல மனனம் செய்கிறான். வங்கிக் குமாஸ்தாவான எனக்குப் படிவங்கள் மீது துவேஷம் கிடையாது. படிவம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நகராது. ஆனால் சலானை யாரும் பணம் என்று நினைப்பதில்லை. திரைக்கதை விஷயத்தில் மட்டும் சலானே பணமாகிவிட்டிருக்கிறது. இதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1910களில் கலிஃபோர்னியாவில் தாமஸ் இன்ஸ் என்ற தயாரிப்பாளர் ஒரே சமயத்தில் பல படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாப் படப்பிடிப்பிலும் தானே போய் நிற்பது சாத்தியமில்லை. ஆகவே ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண் கொடுத்து, இடம் குறித்து, நிகழ்வதை எழுதிய காகிதம் தேவைப்பட்டது. 'கன்டினியூட்டி' என்று அதற்குப் பெயர். கதையில் பத்தாவதாகவும் அறுபதாவதாகவும் வருகிற ஷாட்டுகள் ஒரே இடத்தில் நடப்பவையானால் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்பதை அந்தக் காகிதம் காட்டிக்கொடுத்தது. இது இன்ஸ் ஒருவரின் கண்டுபிடிப்பல்ல. ஆனால் அதைத் தொழில்முறையாக நிலைநிறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். டைரக்டருக்கு வரைபடம், கணக்குப் பிள்ளைக்குச் செலவு மதிப்பீடு – இரண்டும் ஒரே தாளில். திரைக்கதையின் பிறவிக்குணம் இது.

1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்த பிறகு படம் பேச ஆரம்பித்தது. பேச்சுக்கும் தாளில் இடம் வேண்டியதாயிற்று. ஸ்டூடியோக்கள் தத்தம் வழக்கப்படி எழுதவைத்தன. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுன்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. பெரிய ஸ்டூடியோக்கள் தங்கள் கொட்டகைகளைக் கைவிட நேர்ந்தது. மாதச் சம்பளத்துக்கு எழுதியவன் காலப்போக்கில் வெளியாளானான். எழுதி முடித்துவிட்டு வாங்குவாரைத் தேடினான். ஷாட் எண்கள் அவன் பிரதியிலிருந்து உதிர்ந்தன. காட்சி காட்சியாக எழுதும் இன்றைய முறை நிலைத்தது. ஆதியும் அந்தமும் இல்லாததாகக் கற்பிக்கப்படுவது இந்த முறைதான்.

இதன் சட்டகம் தட்டச்சு யந்திரம் தந்தது. அதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். அங்குலத்துக்குப் பத்து எழுத்து, ஆறு வரி. 1950களில் ஐபிஎம் யந்திரங்களுக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் எழுத்துரு இந்த அளவிலேயே இன்றும் கோரப்படுகிறது. அளவு மாறாததால்தான் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிஷப் படம் என்ற கணக்கு. படப்பிடிப்புத் திட்டம் போடுகிறவர் ஒவ்வொரு பக்கத்தையும் எட்டாகப் பிரித்து, ஒரு காட்சி எத்தனை அரைக்கால் பக்கம் என்று குறித்துக்கொள்வார். 'உள்', 'வெளி', 'பகல்', 'இரவு' என்ற தலைப்புச் சொற்கள் விளக்குக்கும் வண்டிக்கும் ஆகிற செலவு. இடது ஓரம் அகலமாக இருப்பது தாள்களைத் துளையிட்டுப் பித்தளை ஆணியால் கோப்பதற்கு. திருத்திய பக்கங்களுக்கு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று நிறம் மாற்றுவது, பழைய தாள் யார் கையிலும் தங்கிவிடாமல் இருக்க. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தொழிற்சாலையில் இருக்கிறது, கலையில் இல்லை.

1980களின் தொடக்கத்தில் 'ஸ்கிரிப்டர்', 1990களின் தொடக்கத்தில் 'ஃபைனல் டிராஃப்ட்' என்று மென்பொருள்கள் வந்தன. கணினிக்குத் தட்டச்சின் ஊனங்கள் கிடையாது. ஆனாலும் அந்த ஊனங்களையே அவை விதிகளாக்கிக் காப்பாற்றின. ஓரங்களைத் தாமே அமைத்துக்கொள்வதால் எழுதுகிறவனுக்கு உழைப்பு மிச்சம்தான். பார்வைக்குத் திரைக்கதை போல இருக்கிற ஒன்று எளிதில் கிடைத்துவிடுவதுதான் ஆபத்து.

இங்கே சத்யஜித் ராயை நினைக்கிறேன். 'பதேர் பாஞ்சாலி'யை (1955) அவர் முழுத் திரைக்கதை இல்லாமல், தாமே வரைந்த சித்திரங்களையும் குறிப்புகளையும் வைத்து எடுத்தார். பின்னாளில் 'கேரோர் காத்தா' என்னும் சிவப்புத் துணி அட்டை நோட்டுகளில் எழுதினார். காட்சி, முகம், உடை, இசை எல்லாம் அவற்றில் அருகருகே இருக்கும். வங்காளத்துக் கடைக்காரர்கள் வரவு செலவு எழுதுகிற பேரேடு அது. ஹாலிவுட்டில் கதை கணக்கேடாயிற்று. ராயிடம் கணக்கேடு படமாயிற்று.

அதற்காக அமெரிக்கப் பக்கத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. அதில் காண்பவற்றுக்கு முழு அகலம், வசனத்துக்கு நடுவில் ஒடுங்கிய ஒரு பத்தி மட்டும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டாதது அதில் இடம்பெறாது. 'பராசக்தி' (1952) தொட்டு நெடுங்காலம் வசனத்தையே திரைக்கதையாக எண்ணிய நமக்கு இது நல்ல மருந்து. மருந்தை விட்டுவிட்டுச் சீசாவின் அளவை நாம் வழிபடுகிறோம் என்பதுதான் என் புகார்.

ஏனெனில் அந்த அளவு நமக்குப் பொருந்துவதே இல்லை. 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலத்தில் அடங்கா. ஒட்டி ஒட்டி நீளும் நம் சொற்கள் அந்த ஒடுங்கிய பத்தியில் முறிந்து விழுகின்றன. பக்கத்துக்கு ஒரு நிமிஷம் என்ற கணக்கும் தமிழில் அப்படியே செல்லாது. ஜான் ஆகஸ்ட், ஸ்டூ மாஷ்விட்ஸ் முதலியோர் 2012இல் வெளியிட்ட 'ஃபவுன்டன்' முறை எந்தச் சாதாரண எழுத்துச் செயலியிலும், காசில்லாமல் எழுத வழிசெய்கிறது. தொடங்குகிறவனுக்கு நான் சொல்வது அதைத்தான். அதுகூட, பாத்திரத்தின் பெயரைப் பெரிய எழுத்தைக் கொண்டு அடையாளம் காண்கிறது. தமிழில் பெரிய எழுத்து ஏது? பெயருக்கு முன் '@' குறியும், காட்சித் தலைப்புக்கு முன் ஒரு புள்ளியும் இட்டால் தமிழும் அதில் நடக்கும்.

எழுதி முடித்த காட்சியை வாய்விட்டுப் படித்து, கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை நிமிஷம் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். பேச்சில்லாத இடங்களை மனத்தில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக்கு எத்தனை நிமிஷம் என்பதை இப்படி நாமே அளந்துதான் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கணக்கு வேறு யாரிடமும் தயாராக இல்லை.