ராயல்டி கேட்காத கையொப்பம்: டிஜிட்டல் கையொப்பத் தரநிலைகளும் காப்புரிமை அறிவிப்பும், 1977–2024

சிதம்பரம் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வருமானச் சான்றிதழோ சாதிச் சான்றிதழோ கேட்பவர் இன்று இ-சேவை மையத்தில் அச்சிட்ட தாளோடு திரும்புகிறார். மையொப்பமும் ரப்பர் முத்திரையும் இருந்த இடத்தில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. நெய்வேலி என்.எல்.சி. நிறுவனத்தின் ஒப்பந்தப்புள்ளிக்கு விலை போடும் கடலூர் ஒப்பந்ததாரரும், கம்பெனிக் கணக்கை இணையவழி தாக்கல் செய்யும் ஆடிட்டரும் டி.எஸ்.சி. எனப்படும் டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் அடங்கிய டோக்கனைக் கணினியில் செருகிக் கையொப்பமிடுகிறார்கள். டோக்கனுக்கு விலை உண்டு, சான்றிதழுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் கையொப்பத்தை இயக்கும் கணித முறைக்காக எவருக்கும் உரிமைத்தொகை போவதில்லை.

அந்த இலவசம் தானாக வந்ததன்று. ஒரு பகுதி தற்செயலாலும், ஒரு பகுதி அமெரிக்காவில் நடந்த நீண்ட சர்ச்சையாலும், கடைசிப் பகுதி இந்திய அரசின் கொள்கை முடிவாலும் கிடைத்தது. தரநிலை எழுதும்போதே காப்புரிமையை வெளியே சொல்லும் ஏற்பாடு இல்லாமற்போனால் அடுத்த முறையும் இது கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் 1977. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் டிஜிட்டல் கையொப்பத்துக்குப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. என்ற பொதுத் திறவி முறையைக் கண்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் மார்ட்டின் கார்ட்னர் தம் கணிதப் பத்தியில் அதை உலகுக்குச் சொன்னார். எம்.ஐ.டி. காப்புரிமைக்கு விண்ணப்பித்ததோ டிசம்பர் மாதம். பத்திரிகையில் வந்துவிட்ட கண்டுபிடிப்புக்கு ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் ஏற்கும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. பெரும்பாலான பிற நாடுகளில் அச்சேறியதுமே புதுமை போய்விடும். ஆகவே 1983 செப்டம்பர் 20 அன்று வழங்கப்பட்ட 4,405,829 என்ற எண்ணுள்ள காப்புரிமை அமெரிக்க எல்லையோடு நின்றது. இந்தியாவில் ஆர்.எஸ்.ஏ. ஒருநாளும் எவருடைய தனியுடைமையாகவும் இருந்ததில்லை. பத்திரிகைப் பத்தி ஒன்று முந்திக்கொண்டதால் விளைந்த நன்மை இது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. எம்.ஐ.டி. இக்காப்புரிமையை ஆர்.எஸ்.ஏ. டேட்டா செக்யூரிட்டி நிறுவனத்துக்குத் தனி உரிமமாகக் கொடுத்தது. 1990-இல் அந்நிறுவனமும் சைலிங்க் நிறுவனமும் சேர்ந்து ‘பப்ளிக் கீ பார்ட்னர்ஸ்’ என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டிஃபி–ஹெல்மன், ஹெல்மன்–மெர்க்கிள் காப்புரிமைகளையும் ஒரே கையில் கொண்டுவந்தன. பொதுத் திறவி முறை எதுவாயினும் அது தங்கள் காப்புரிமைக்குள் அடங்கும் என்பது அவர்கள் நிலைப்பாடு. கடலூர் வரலாறு படித்தவர்களுக்கு இது புதிய சேதியாகத் தோன்றாது. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேசப்பட்டது. கம்பெனியார் நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள், குண்டு கிராமங்கள் அப்படித்தான் உருவாயின. காப்புரிமையின் கோரிக்கை வாசகங்களும் எழுதுபவர் கைத்திறனுக்கேற்பத் தூரம் பாய்வன.

இந்தப் பின்னணியில்தான் 1991 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் — சுருக்கமாக நிஸ்ட் — அரசு அலுவலகங்களுக்கான டிஜிட்டல் கையொப்பத் தரநிலையின் வரைவை வெளியிட்டது. சந்தையில் பரவியிருந்த ஆர்.எஸ்.ஏ.வை விட்டுவிட்டு டி.எஸ்.ஏ. என்ற புதிய முறையை அது முன்வைத்தது. அதை வடிவமைத்தவர் தேசியப் பாதுகாப்பு முகமையின் டேவிட் கிராவிட்ஸ். வரைவு வெளிவருவதற்கு ஐந்து வாரம் முன்பு, ஜூலை 26 அன்று, அவர் பெயரில் காப்புரிமை விண்ணப்பம் தாக்கலாகியிருந்தது, உரிமை அரசுக்கு. உலகெங்கும் ராயல்டி இல்லாமல் கிடைக்கச் செய்வதே நோக்கம் என்று நிஸ்ட் சொல்லியிருந்தது.

எதிர்ப்பு மூன்று பக்கத்திலிருந்து வந்தது. திறவியின் நீளம் 512 பிட் மட்டுமே, போதாது என்றார்கள். உளவு முகமையின் கை இருப்பதால் நம்பமுடியாது என்றார்கள். மூன்றாவது எதிர்ப்பே நமக்கு முக்கியம். ஜெர்மானியக் கணிதவியலர் கிளாஸ் ஷ்னோர் 1991 பிப்ரவரியில் பெற்ற 4,995,082 எண்ணுள்ள காப்புரிமைக்குள் டி.எஸ்.ஏ. வருகிறது என்று சொல்லப்பட்டது. ஷ்னோர் நிஸ்டின் பணியில் பங்கேற்றவர் அல்லர். வரைவை எழுதியவர்கள் தம் விண்ணப்பத்தைத் தெரிவிக்கலாம், வெளியாள் ஒருவரின் உரிமைக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பேற்பது? அந்தக் காப்புரிமையின் உரிமங்களும் பப்ளிக் கீ பார்ட்னர்ஸ் வசமே போய்ச் சேர்ந்தன.

அடுத்து நிஸ்ட் எடுத்த முடிவு இவ்வரலாற்றின் மிகப் பெரிய சறுக்கல் என்பது என் கணிப்பு. 1993 ஜூனில், வழக்கைத் தவிர்க்க, டி.எஸ்.ஏ. காப்புரிமையையே அந்தக் கூட்டு நிறுவனத்துக்குத் தனி உரிமமாகத் தர உத்தேசித்திருப்பதாக அறிவித்தது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்பது அதன் பொருள். மக்கள் வரிப்பணத்தில் உருவானதை மக்களே விலை கொடுத்து வாங்கவேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு திட்டம் கைவிடப்பட்டது. 1994 மே 19 அன்று தரநிலை ஃபிப்ஸ் 186 என்ற பெயரில் ராயல்டியின்றி ஏற்கப்பட்டது. ஷ்னோர் காப்புரிமையை மீறவில்லை என்ற தன் நிலைப்பாட்டில் நிஸ்ட் நின்றது. ஆயினும் பயன்படுத்துவோர் மனத்தில் சந்தேகம் 2008-இல் அக்காப்புரிமை காலாவதியாகும்வரை தொடர்ந்தது. பின்னாளில் ஷ்னோர் முறையின் வழிவந்த எட்டிஎஸ்ஏ பரவலாகி, 2023 பிப்ரவரியில் ஃபிப்ஸ் 186-5 தரநிலைக்குள்ளேயே இடம்பெற்றது. அதே ஆவணம், புதிய கையொப்பமிட டி.எஸ்.ஏ.வைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. இத்தனை சர்ச்சைக்கும் காரணமான முறை, முப்பது ஆண்டில் வழக்கொழிந்தது.

இனி இந்தியாவுக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தது 2000 ஜூன் 9. அமெரிக்காவில் ஆர்.எஸ்.ஏ. காப்புரிமை முடியவேண்டிய நாள் செப்டம்பர் 20. நிறுவனமே இரு வாரம் முந்தி, செப்டம்பர் 6 அன்று, உரிமையைப் பொதுவுக்கு விட்டது. இந்தியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 17. காப்புரிமை முடியவேண்டிய நாளிலிருந்து எண்ணினால் இருபத்தேழு நாள் இடைவெளி! இந்தியாவுக்குள் காப்புரிமை இல்லை என்றாலும் உலாவி, மென்பொருள் நூலகம் எல்லாம் அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே முள்வேலி இருந்தால் இங்கேயும் தைக்கும். நம் சட்டம் பிறந்த வேளையில் அந்த வேலி பிரிக்கப்பட்டிருந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததற்குச் சான்று காணவில்லை. நற்பேறு என்றே கொள்ளவேண்டும்.

சட்டத்தோடு வந்த சான்றளிக்கும் அமைப்புகள் விதிகளின் ஆறாம் விதி, பொதுத் திறவி முறையாக டி.எஸ்.ஏ., ஆர்.எஸ்.ஏ. இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. எம்.டி.5, ஷா-1 என்ற சுருக்கச் சார்புகளும், எக்ஸ்.509 சான்றிதழ் வடிவமும் அப்பட்டியலில் இருந்தன. காப்புரிமை பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. 2002 பிப்ரவரியில் நாட்டின் முதல் சான்றளிக்கும் உரிமம் பெற்ற சேஃப்ஸ்கிரிப்ட், சென்னை நிறுவனம். சத்யம் இன்ஃபோவேயின் கிளை, அமெரிக்க வெரிசைனின் கூட்டாளி. வெரிசைனோ 1995-இல் ஆர்.எஸ்.ஏ. டேட்டா செக்யூரிட்டியிலிருந்து பிரிந்து வந்தது. எம்.ஐ.டி. கணிதத்துக்கும் தமிழ்நாட்டின் முதல் டிஜிட்டல் சான்றிதழ்களுக்கும் இடையே இத்தனை குறுகிய வழி இருந்ததைத் தமிழ்நாட்டுக் கணினி வரலாறு எழுதுவோர் கவனிக்கவேண்டும்.

காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவும் இந்தச் சுதந்திரத்துக்கு ஓரளவு காவல். கணித முறை, தனித்த கணினி நிரல், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பு ஆகா என்பது 2002 திருத்தத்தில் நுழைந்து 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2004 டிசம்பர் அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 2005-இல் நாடாளுமன்றம் அத்தளர்வை ஏற்கவில்லை. எனினும் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்குக் குறியாக்க விண்ணப்பங்கள் ‘தொழில்நுட்ப விளைவு’ என்ற வாசல் வழியே வரத்தான் செய்கின்றன. அந்தப் பிரிவை மட்டும் நம்பி இருக்கமுடியாது.

வெளியுலகில் இதற்குள் அறிவிப்பு விதிகள் உருவாகியிருந்தன. இணையப் பொறியியல் பணிக்குழு 1996-இல் வெளியிட்ட ஆவணத்திலேயே, தான் அறிந்த காப்புரிமையைப் பங்கேற்பவர் தெரிவிக்கவேண்டும் என்ற நெறி உண்டு. 2005-லும் 2017-லும் அது இறுக்கப்பட்டது. இன்னொரு பொதுத் திறவி முறையான நீள்வட்ட வளைவு முறை இதற்கு நல்ல பாடம். 1985-இல் கோப்ளிட்ஸும் மில்லரும் தனித்தனியே முன்வைத்த அடிப்படைக் கருத்துக்குக் காப்புரிமை இல்லை. அதை வேகமாகச் செய்யும் வழிமுறைகளுக்குக் கனடாவின் சர்டிகாம் நிறுவனம் பல காப்புரிமைகள் வைத்திருந்தது. 2003-இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2.5 கோடி டாலர் கொடுத்து உரிமம் வாங்கியது. எந்த வழி இலவசம், எது விலைக்கு என்பதைக் குழம்பாமல் சொல்ல யாராலும் முடியாத நிலை, அம்முறை பரவுவதைப் பல ஆண்டு தாமதப்படுத்தியது.

இந்தியா தன் வாயால் பேசியது 2010 நவம்பரில். மின்-ஆளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கையில் மத்திய அரசு ஒரு கட்டாய நிபந்தனை வைத்தது: தரநிலையைச் செயல்படுத்தத் தேவையான காப்புரிமைகள், அத்தரநிலையின் ஆயுள் முழுதும் ராயல்டியின்றிக் கிடைக்கவேண்டும். இந்திய மொழிகளுக்கு இடம் தரும் தன்மையும் இக்கொள்கையில் உண்டு. இரண்டாயிரத்தில் வாய்த்ததைப் பத்து ஆண்டு கழித்துக் கொள்கையாக்கிய இந்த வரி, என் பார்வையில், நம் மின்-ஆளுமை ஆவணங்களிலேயே மிக நல்ல வரிகளில் ஒன்று. அத்தகைய தரநிலை கிடைக்காதபோது நிபந்தனையைத் தளர்த்தி இடைக்காலத் தரநிலை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்ற வழியும் அதிலேயே இருக்கிறது. புதிய கையொப்ப முறைகளைத் தேர்ந்தெடுக்கும் காலம் வருவதால் அந்த வழிதான் இப்போது கவனிக்கவேண்டியது.

போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி வந்தால் ஆர்.எஸ்.ஏ.வும் நீள்வட்ட வளைவும் உடையும். மாற்று முறைகளுக்கு நிஸ்ட் 2016-இல் அழைப்பு விடுத்தபோது 1991-இன் பாடம் வெளிப்படையாகத் தெரிந்தது. ஒவ்வொரு முன்மொழிவாளரும் கையெழுத்திட்ட உறுதிமொழி தரவேண்டும்: தன்னிடம் காப்புரிமை இல்லை, அல்லது இருக்கிறது, இருந்தால் இலவசமாகவோ நியாயமான, பாரபட்சமற்ற விதிகளிலோ உரிமம் தருவேன். ஆயினும் மூன்றாம் ஆள் சிக்கல் மறுபடி வந்தது. திறவிப் பரிமாற்றத்துக்கான கைபர் முறைமீது பிரான்சின் சி.என்.ஆர்.எஸ். தரப்பும் ஆய்வாளர் ஜின்டாய் டிங்கும் காப்புரிமை கொண்டிருந்தனர். இம்முறை நிஸ்ட் தன் சொத்தை விட்டுக்கொடுக்காமல், அவர்களோடு ஒப்பந்தம் செய்து தரநிலையைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் வழி திறந்தது. 2024 ஆகஸ்ட் 13 அன்று புதிய தரநிலைகள் வெளிவந்தன. கையொப்பத்துக்கு உரியவை இரண்டு: ஃபிப்ஸ் 204, ஃபிப்ஸ் 205. கூடுதல் கையொப்ப முறைகளுக்கான தனி அழைப்புக்கு வந்தவற்றில் 2023 ஜூலையில் 40 முறைகள் பரிசீலனைக்கு ஏற்கப்பட்டன. 2024 அக்டோபரில் 14 எஞ்சின.

கையொப்ப முறைகளின் பட்டியலை மாற்றும் வேலை இந்தியாவுக்கும் வரும். 2002-இல் தொடங்கப்பட்டுச் சென்னை தரமணியில் இயங்கும் செட்ஸ் அமைப்பு குவாண்டத்துக்குப் பிந்தைய குறியாக்கத்தில் ஆய்வு செய்கிறது. தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் ஒப்பளிக்கப்பட்டது. கணிதத்தைச் சோதிக்க ஆள் இருக்கிறார்கள். ஆனால் சான்றளிப்பு விதிகளும் 2010 கொள்கையும் இன்றும் தனித்தனி ஆவணங்கள். ஒன்றில் அல்காரிதத்தின் பெயர், மற்றொன்றில் ராயல்டி நிபந்தனை. விதிப் பட்டியலில் புதிய முறை ஒன்றைச் சேர்க்கும் அறிவிக்கையோடு, அதன்மீதுள்ள காப்புரிமை உறுதிமொழிகளும், உறுதிமொழி தராத மூன்றாம் ஆட்களின் உரிமை குறித்த ஆய்வறிக்கையும் பொதுமக்கள் கருத்துக்கு முன்வைக்கப்படவேண்டும். இவ்வறிக்கையைத் தயாரிக்கக் கணிதமும் சட்டமும் அறிந்தவர்கள் சேர்ந்து உட்காரவேண்டும்.  நிஸ்டிடம் தரப்பட்ட உறுதிமொழிகள் இணையத்தில் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளன; வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.