சூடு கண்ட சில்லு

"பிராசசர் எத்தனை டிகிரியில் ஓடினால் சரி?" வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எவரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கேள்வி. பதில் சொல்பவர்கள் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 50 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து என்பார் ஒருவர். 70 வரை கவலையே வேண்டாம் என்பார் இன்னொருவர். 95ல் ஓடுவதுதான் எங்கள் வடிவமைப்பு என்று தயாரித்த கம்பெனியே சொல்லும். வேடிக்கை என்னவென்றால் மூன்று பேரும் ஏதோ ஒரு வருஷத்துச் சில்லுக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். "நார்மல்" என்கிற அந்த எண் கடந்த நாற்பது வருஷத்தில் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதை நகர்த்தியதில் இயற்பியலுக்கு எவ்வளவு பங்கோ, வியாபாரத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது இந்தக் கேள்விக்கே இடமில்லை. அதிலிருந்த இன்டெல் 8088, 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. சாப்பிட்ட மின்சாரம் ஓரிரு வாட். மொத்தக் கம்ப்யூட்டருக்கும் 63.5 வாட் பவர் சப்ளை ஒன்றே போதுமானதாக இருந்தது. பிராசசருக்கு ஹீட் சிங்க் கிடையாது, ஃபேன் கிடையாது. பவர் சப்ளைக்குள் ஒரு ஃபேன் சுற்றும், அவ்வளவுதான். சில்லின் மேல் விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அதை அளக்க ஒரு தெர்மாமீட்டர் வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஆப்பிள் 3 பட்ட பாட்டையும் சொல்லிவிட வேண்டும். ஃபேன் சத்தம் ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்காது. ஃபேனும் வேண்டாம், காற்றுத் துளையும் வேண்டாம், அலுமினிய உடம்பே சூட்டை வெளியேற்றட்டும் என்று 1980ல் அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. உள்ளே சில்லுகள் சாக்கெட்டிலிருந்து தளர்ந்து எழும்பின. கம்ப்யூட்டரைச் சில அங்குலம் தூக்கி மேஜையில் 'தொப்'பென்று போடுங்கள், சரியாகிவிடும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லப்பட்டதாக ஒரு கதை பிரசித்தம். (டிவியைத் தட்டிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.) போர்டின் வடிவமைப்பிலும் கோளாறு இருந்தது என்பதால் பழி முழுவதையும் சூட்டின் மேல் போட முடியாது. ஆனாலும் காற்றோட்டத்தைக் கேட்காமல் அழகுக்காக முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல பாடம்.

சூடு எங்கிருந்து வருகிறது? சில்லுக்குள் லட்சக்கணக்கான சுவிட்சுகள் நொடிக்குக் கோடிக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அதில் செலவாகும் சக்தி அத்தனையும் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். வேகத்தை இரட்டித்தால் சூடும் இரட்டிக்கும். வோல்டேஜின் கணக்கு வேறு. அது வர்க்கத்தில் வருகிறது: வோல்டேஜைப் பாதியாக்கினால் சூடு கால்வாசி ஆகிவிடும். இருபது வருஷம் இந்தத் தொழில் பிழைத்தது இந்த ஒரு சலுகையால்தான்.

1993 மார்ச்சில் வந்த முதல் பென்டியம் நல்ல உதாரணம். 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள், 5 வோல்ட், 66 மெகாஹெர்ட்ஸ். அதிகபட்சம் 16 வாட். 486 காலத்திலேயே தலைகாட்டிய ஹீட் சிங்க்கும் குட்டி ஃபேனும் பென்டியத்தில்தான் தவிர்க்க முடியாதவை ஆயின. அப்போதே "இது ரொம்பச் சூடு" என்று பத்திரிகைகள் முணுமுணுத்தன. மறு வருஷமே 100 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் வந்தது. வேகம் ஒன்றரை மடங்கு, சூடு குறைவு: சுமார் 10 வாட். வோல்டேஜ் 5லிருந்து 3.3க்கு இறங்கியதுதான் மாயம். 3.3ஐ 5ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள், பாதிக்கும் குறைவாக வரும்.

இந்த மாயத்துக்கு ஒரு விதியே உண்டு. 1974ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் கூட்டாளிகளும் எழுதியது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும் அதே விகிதத்தில் வோல்டேஜையும் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் கிளம்பும் சூடு மாறாது என்றது அது. எல்லோருக்கும் மூர் விதி தெரியும், டென்னார்டை அவ்வளவாகத் தெரியாது. இத்தனைக்கும் மூரே 1965ல் எழுதிய அந்தப் பிரபலக் கட்டுரையில், இத்தனை உறுப்புகளை ஒரே சில்லில் அடைத்தால் சூடு என்னாகும் என்று கேட்டுவிட்டு, சமாளிக்கலாம் என்று பதிலும் சொல்லியிருந்தார். சமாளித்தார்கள்தான், 2000 வரைக்கும்.

2000 மார்ச் 6ல் ஏஎம்டி 1 கிகாஹெர்ட்ஸ் ஆத்லானை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல்லும் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3ஐ அறிவித்தது. இரண்டு நாள் இடைவெளி! போட்டி எந்த அளவுக்குச் சூடாகியிருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அவசரத்தில் இன்டெல் அதே வருஷம் கொண்டுவந்த 1.13 கிகாஹெர்ட்ஸ் சில்லை ஆகஸ்டில் திரும்பப் பெற வேண்டி வந்தது.

கடைக்காரரிடம் போய் நிற்பவருக்கு மெகாஹெர்ட்ஸ் என்பது ஒரே எண். கூடினால் நல்லது, குறைந்தால் மட்டம். சூடு என்கிற எண்ணோ விலைப்பட்டியலில் கிடையாது. விற்கிற எண் ஒன்று, வாங்கியபின் தெரிகிற எண் இன்னொன்று. கம்பெனிகள் எதைக் கூட்டும் என்று ஊகிக்கப் பெரிய பொருளாதார அறிவு தேவையில்லை.

2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர் ஒரு வீடியோ வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் குவேக் 3 ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் மேலிருந்த ஹீட் சிங்க்கைக் கழற்றிவிட்டார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடியது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. ஆத்லான்களில் புகை வந்தது. சில நொடிகளில் முடிந்த கதை. இரண்டு ஆத்லான்களில் புதியதில் வெப்பத்தை உணரும் டயோடு உள்ளேயே இருந்தது, அதுவும் சில்லைக் காப்பாற்றவில்லை என்பதுதான் கொடுமை. அந்த நாட்களில் பல மதர்போர்டுகள் சாக்கெட்டின் நடுவில், சில்லுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன தெர்மிஸ்டரை நம்பியிருந்தன. உலை கொதிப்பதை அடுப்பங்கரைக்கு வெளியே நின்று தொட்டுப் பார்ப்பது மாதிரி. உண்மைச் சூட்டைவிடக் குறைத்துக் காட்டும், அதுவும் தாமதமாக. "என் ஆத்லான் 45ல் ஓடுது" என்று அன்று பெருமைப்பட்டவர்களின் எண்கள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்று யோசித்துக்கொள்ளலாம்.

அந்த வீடியோவில் பென்டியம் 4 கெட்டிக்காரப் பிள்ளையாக வந்து போனது. மூன்று வருஷத்தில் அதன் வண்டவாளமும் வெளியே வந்தது.

பென்டியம் 4இன் வடிவமைப்பே கிகாஹெர்ட்ஸ் எண்ணைத் துரத்துவதற்காகச் செய்யப்பட்டது. 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்று பேசினார்கள். ஆனால் உள்ளேயே எச்சரித்தவரும் உண்டு. 2001 பிப்ரவரியில் ஒரு மாநாட்டில் இன்டெல்லின் பேட் கெல்சிங்கர், இதே போக்கில் போனால் சில்லின் ஒரு சதுர சென்டிமீட்டரில் கிளம்பும் சூடு சில வருஷங்களில் அணு உலைக்கும், பிறகு ராக்கெட் முனைக்கும், அதற்குப் பிறகு சூரியனின் மேற்பரப்புக்கும் சமமாகிவிடும் என்று பேசினார். கேட்டவர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் படம் போட்டுக் காட்டிய கணக்கு அது.

2004 பிப்ரவரியில் பிரெஸ்காட் என்ற பெயரில் புது பென்டியம் 4 வந்தது. 130 நானோமீட்டரிலிருந்து 90 நானோமீட்டருக்குச் சுருங்கிய சில்லு. பழைய வழக்கப்படி சூடு குறைந்திருக்க வேண்டும். மாறாகக் கூடியது! முந்தைய நார்த்வுட் 80 வாட் சொச்சத்தில் நின்ற இடத்தில் இது 100ஐத் தாண்டி, உச்சத்தில் 115 வாட்டைத் தொட்டது. காரணம் கசிவு. டிரான்சிஸ்டரின் வாசலில் இருந்த காப்புப் படலம் 1.2 நானோமீட்டர், அதாவது நாலைந்து அணு அடுக்கு கனம். மூடியிருக்கும்போதும் அதன் வழியே மின்சாரம் ஒழுகியது. ஒழுகினால் சூடு, சூடானால் இன்னும் ஒழுகும். வோல்டேஜையும் மேலே குறைக்க முடியவில்லை. டென்னார்டின் சலுகை அங்கே தீர்ந்துபோனது. பிரெஸ்காட்டுக்கு "பிரெஸ்ஹாட்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். முழு வேலையில் 65, 70 டிகிரி சர்வசாதாரணம் ஆனது.

நம்மூர்க் கணக்கு இங்கேதான் வருகிறது. பெட்டிக்குள் பிராசசர் ஃபேன் இழுக்கும் காற்று 38 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பது அந்தக் காலத்தில் இன்டெல் கேபினெட் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்த வழிகாட்டி. அக்னி நட்சத்திரத்தில் சென்னையில் ஜன்னல் வழியே வரும் காற்றே அந்தச் சூட்டில்தான் இருக்கும்! ஹீட் சிங்க் அறையைவிடச் சில்லை எப்போதும் குளிர்ச்சியாக்காது. அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறும் என்பதைத்தான் அது தீர்மானிக்கும். 22 டிகிரி ஏசி அறையில் சோதித்து 62 என்று எழுதப்பட்ட சில்லு, 37 டிகிரி அறையில் 77ஐ ஒட்டிக் காட்டினால் அதில் கோளாறு ஒன்றுமில்லை. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த மெஷினின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கிற பழக்கம் அறியாமையில் வந்ததில்லை. (தூசி சேரும் என்பது வேறு விஷயம். அந்தத் தூசியே ஹீட் சிங்க்கை அடைத்து மறுபடி சூட்டைக் கூட்டும்.)

கரண்ட் பில்லையும் பார்த்துவிடலாம். 50 வாட் கூடுதலாகத் தின்னும் சில்லு தினம் எட்டு மணி நேரம் முழு வேலை செய்தால் 0.4 யூனிட். மாதம் 12 யூனிட். ஒரு வீட்டுக்குப் பெரிதில்லை, நூறு கம்ப்யூட்டர் வைத்த அலுவலகத்துக்குப் பெரிது. ஏசி அந்தச் சூட்டை வெளியே தள்ளத் தனியாகத் தின்னும்.

2004 மே மாதம் பிரெஸ்காட்டின் வாரிசான டெஜாஸைக் கைவிட்டது இன்டெல். அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ம் ரத்து. அந்த மாதம் நடந்த ஒரு மாநாட்டு மேடையில் தலைமை அதிகாரி கிரெய்க் பாரெட் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். ஆப்பிளும் தப்பவில்லை. பவர் மேக் ஜி5ஐ ஒரு வருஷத்துக்குள் 3 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோவேன் என்று 2003ல் வாக்குக் கொடுத்த ஜாப்ஸ், 2004ல் 2.5க்கே தண்ணீர்க் குளிர்விப்பு வைக்க வேண்டியதாயிற்று. 2005 ஜூனில் ஆப்பிள் இன்டெல்லுக்கு மாறுவதாக அறிவித்தபோது அவர் சொன்ன காரணம், ஒரு வாட்டுக்கு எவ்வளவு வேலை என்பது.

அந்தக் கணக்கில் ஜெயித்தது இன்டெல்லின் ஹைஃபா கிளை. இஸ்ரேலில் இருந்த அந்தக் குழு லேப்டாப்புக்காக 2003ல் பென்டியம் எம் செய்திருந்தது. பேட்டரிக்குப் பயந்து பயந்து வடிவமைத்த சில்லு. அந்தச் சிக்கனத்தின் வழியில் 2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தது: 65 வாட், இரண்டு கோர், பென்டியம் 4ஐவிடக் குறைந்த கிகாஹெர்ட்ஸ், கூடுதல் வேகம். சும்மா இருக்கும்போது 40க்குப் பக்கம், வேலை செய்யும்போது 60க்குப் பக்கம் என்று இன்றும் பலர் மனதில் பதிந்திருக்கும் "நார்மல்" அந்த வருஷங்களின் மிச்சம்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில்லுக்குள் இருக்கும் உணரி நேரடியாக டிகிரி சொல்லாது. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். அந்த வரம்பு எது என்று 2008ல்தான் இன்டெல் வெளியிட்டது. அதுவரை மென்பொருட்கள் ஊகித்தன. 85 என்று ஒன்று, 100 என்று ஒன்று. ஒரே சில்லு, ஒரே நொடி, 15 டிகிரி வித்தியாசம்!

அதே 2008 நவம்பரில் வந்த கோர் ஐ7இல் டர்போ வந்தது. சூட்டில் இடம் மிச்சம் இருந்தால் சில்லு தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். பார்க்கச் சின்ன வசதிதான். ஆனால் கதை திரும்பியது இங்கே. அதுவரை 60க்கும் 100க்கும் நடுவில் இருந்த 40 டிகிரி பாதுகாப்புக்காக ஒதுக்கிய இடம். இனி அது விற்கத்தக்க சரக்கு. மிச்சம் வைப்பது நஷ்டம் என்று ஆகிவிட்டது. 2012ல் ஐவி பிரிட்ஜில் சில்லுக்கும் மேல் மூடிக்கும் நடுவே வைத்த ஈயப்பற்றை எடுத்துவிட்டுச் சாதாரணப் பேஸ்டைத் தடவியது இன்டெல். சூடு ஏறியது. ஆர்வலர்கள் பிளேடால் மூடியைப் பெயர்த்து வேறு பேஸ்ட் போட்டார்கள். பற்றவைப்பு 2018ல் ஐ9-9900கே வந்தபோதுதான் திரும்பியது.

2022 செப்டம்பரில் ஏஎம்டி மூடி மறைக்காமல் சொல்லிவிட்டது. ரைசன் 7000 வரிசையின் பெரிய சில்லுகள் முழு வேலையில் 95 டிகிரிக்குப் போகும், அங்கேயே நிற்கும், அதுதான் இலக்கு என்றது. பெரிய கூலர் வாங்கி மாட்டினாலும் 95தான். அந்தக் குளிர்ச்சியை அது வேகமாக மாற்றிக்கொள்ளும். இப்போதைய வீட்டுக் கம்ப்யூட்டரில் சும்மா இருக்கும்போது 35 முதல் 50, கேம் ஆடும்போது 60 முதல் 80, எல்லா கோரும் வேலை செய்யும்போது 80 முதல் 95 என்று பார்த்தால் பதற வேண்டியதில்லை. சும்மா இருக்கும்போதே 80 என்றால்தான் ஃபேனையும் பேஸ்டையும் பார்க்க வேண்டும்.

இந்த நிம்மதியிலும் 2024ல் ஒரு கீறல் விழுந்தது. இன்டெல்லின் 13ம், 14ம் தலைமுறைச் சில்லுகள், 253 வாட் வரை இழுப்பவை, காரணம் புரியாமல் கேம்களின் நடுவே விழ ஆரம்பித்தன. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கும் மைக்ரோகோடுதான் குற்றவாளி என்று ஜூலையில் இன்டெல் சொன்னது. செப்டம்பரில் முழு விளக்கம் வந்தது: கூடுதல் வோல்டேஜும் சூடும் சேர்ந்து உள்ளே கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் ஒரு சுற்றைச் சீக்கிரமே கிழடாக்கிவிட்டன. வெப்பத்துக்கு 100 டிகிரி என்று வரம்பு இருந்தது, அதைச் சில்லு காவல் காத்துக்கொண்டுதான் இருந்தது. வோல்டேஜ் பக்கத்தில் காவல் இல்லை. புது மைக்ரோகோடு வந்தது. வாரன்டி இரண்டு வருஷம் நீட்டிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சில்லை மைக்ரோகோடு குணப்படுத்தாது என்றும் இன்டெல்லே சொல்லிவிட்டதால், பாதிக்கப்பட்டவர்கள் சில்லைக் கழற்றி அனுப்பி, வேறு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.