பெயர் எழுதப்படாத பாலம்

ஜப்பானியரின் பழைய எழுதுபொருட் பெட்டிகளைத் தமிழில் 'அரக்குப் பெட்டி' என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் அரக்கு, பூச்சி தருவது. உருஷியோ ஒரு மரத்தின் பால். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரத்தைக் கீறினால் ஒரு பருவத்தில் சுமார் 200 கிராம் கிடைக்கும். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளிக்கும். அது வெயிலில் காய்வதுமில்லை. ஈரக்காற்று நிறைந்த அடைப்பில்தான் இறுகும். ஒரு பூச்சு இறுகிய பின்னரே அதைத் தேய்த்து அடுத்ததைப் பூசலாம். பின்னர் உருஷியாலேயே சித்திரம் தீட்டி, ஈரம் மாறுமுன் பொற்பொடி தூவுவர். இதற்கு மாகி-எ என்று பெயர். 'தூவிய ஓவியம்' என்பது பொருள்.

இத்தகைய பெட்டிகளை வெறும் அலங்காரமாக மட்டும் பார்ப்பது, கவிதையை ஓசைக்காக மட்டும் படிப்பதைப் போன்றது என்றே நாம் கருதுகிறோம். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள இரண்டு பெட்டிகள் இதற்குச் சான்று. இரண்டும் மையும் தூரிகையும் வைப்பதற்கானவை. இரண்டும் தேசியச் செல்வங்கள்.

முதலாவது ஹொன்அமி கோயெட்சு (1558–1637) என்னும் கலைஞருடையது. மூடி குன்றுபோல் மேலெழுந்திருக்கிறது. பொன் பரப்பில் அலைகள், வரிசையாய்ப் படகுகள். அவற்றின் குறுக்கே மங்கிய ஈயத்தகடு ஒன்று, பாலமாக. பொன்னின்மேல் ஈயத்தைக் கிடத்தும் துணிவே வியப்புக்குரியது. அதைவிட வியப்பு, மேலே வெள்ளியால் பதித்த எழுத்துகள். அவை 'கோசென்ஷூ' என்ற பத்தாம் நூற்றாண்டுத் தொகைநூலின் காதற்பாடல் ஒன்றைச் சொல்கின்றன. சானோ என்னும் ஊரின் படகுப்பாலத்தைச் சுட்டி, எவரும் அறியாத தன் ஏக்கத்தைக் கூறும் பாடல் அது. மூடியில் எழுதப்பட்ட வரிகளில் 'படகுப்பாலம்' என்ற சொல் மட்டும் இல்லை. அவ்விடத்தை அந்த ஈயமே நிரப்புகிறது! பாடலை அறிந்தவர் படித்து வருகையில் கண் சித்திரத்துக்குத் தாவியாக வேண்டும். அறியாதவருக்கு அது வெறும் உலோகத்தகடுதான்.

ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின் வந்த ஒகாதா கோரின் (1658–1716) இன்னும் ஒரு படி சென்றார். 'இசெ மோனோகாதாரி'யில் பயணிகள் சிலர் எட்டுப் பலகைப் பாலத்தருகே பூத்த நீர்ப்பூக்களைக் கண்டு ஊரை நினைந்து அழும் கட்டம் ஒன்றுண்டு. கோரினின் பெட்டியில் சிப்பியால் பூக்கள், பொன்னால் இலைகள், ஈயத்தால் பாலம் ஆகியவை உள்ளன. பயணிகளில் ஒருவரும் இல்லை. ஓர் எழுத்தும் இல்லை. குறிப்புப் பொருளின் உச்சம் இது எனலாம். எனினும் எம் மனம் சாய்வது கோயெட்சுவின் பக்கமே. அங்கே எழுதிய சொற்களுக்கு நடுவில் எழுதாத சொல்லின் இடம் தெரிகிறது.

கோரினின் பாலம் மூடியோடு முடிவதில்லை. பக்கங்களிலும் மடிந்து இறங்குகிறது. பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினால்தான் அதை முழுதும் கடக்க முடியும். இன்று அது கண்ணாடிக்குப் பின்னே இருக்கிறது.