மராமத்து என்னும் சொல்

சாத்தான்குளத்தின் பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. ஆனால் அவ்வூரைச் சுற்றி நீங்கள் காண்பது பெரும்பாலும் பனங்காடும் செம்மணல் தேரியுமே. தாமிரபரணிப் பாசனத்திற்கு இப்பகுதி கடைமடை. மேலே உள்ள வயல்கள் குடித்து மிஞ்சிய வெள்ளநீர் சடையனேரிக் கால்வாய் வழியாகவோ, மணிமுத்தாற்றுப் பெருங்காலின் கடைசிப் பிரிவு வழியாகவோ வந்தால்தான் இங்குள்ள குளங்கள் நிறையும். அணையில் எத்தனை அடி நீர் என்பது கடைமடைக்காரருக்குப் பாதிச் செய்திதான். கால்வாய் தூர் வாரப்பட்டதா என்பதே மறுபாதி.

பொதுப்பணித் துறையை நம் பாட்டனார் 'மராமத்து இலாகா' என்றனர். மராமத்து என்பது அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்த சொல். பழுதுபார்த்தல் என்று பொருள். கட்டுகிற இலாகா என்னாமல் பழுதுபார்க்கிற இலாகா என்று மக்கள் வழங்கியதில் ஒரு நுட்பம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்குச் சான்று தாமிரபரணி ஆறே.

இவ்வாற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவதும் கடைசியுமான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1873இல் நிறைவுற்றது. அதன் வடகாலும் தென்காலும் சுமார் 25,000 ஏக்கருக்கு நீர் தருகின்றன.

ஓடுகிற ஆற்றை மறித்தால் என்ன நேரும்? நீரின் வேகம் குறையும். வேகம் பாதியானால், நீர் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை பாதியாகாது. 64இல் ஒரு பங்காகிவிடும்! வேகத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது அது. இனி நுண்ணிய பொருள்களைப் பாருங்கள். இரண்டரை மீட்டர் ஆழமுள்ள அசையாத நீரில் 0.2 மில்லிமீட்டர் மணல் துகள் ஏறத்தாழ இரண்டே நிமிடங்களில் அடியைத் தொடும். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டல் துகளுக்கோ இரண்டு மணி நேரம் போலத் தேவை. ஆகவே அணை கட்டிய அன்றே தூரும் சேரத் தொடங்குகிறது. இது கட்டியவரின் பிழையன்று, நீரின் இயல்பு.

இந்த இயல்பு ஒரு துறைமுகத்தையே இடம் மாற்றியிருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலிலிருந்து 6, 7 கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. ஆறு கொணர்ந்த வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, வாணிகம் பழையகாயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் இதுவே என்பது கால்டுவெல்லின் முடிவு. பின்னர் அதுவும் தூர்ந்தது, தூத்துக்குடி தலையெடுத்தது. கொற்கையை உள்நாடாக்கிய அதே வண்டல்தான் எட்டாவது அணையின் முன்னும் படிகிறது.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். கோடையில் ஊரார் கூடிக் குளத்தையும் காலையும் வெட்டிச் சீர்செய்வது குடிமராமத்து. சென்னை மாகாணத்தில் 1858இல் பொதுப்பணித் துறை அமைந்தது. அதே ஆண்டு வந்த ஒரு சட்டம், வழக்கமான இவ்வேலைக்கு ஆள் அனுப்பாதவர் அவ்வேலையின் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்றது. வழக்கம் தளரத் தொடங்கியதால்தானே சட்டம் வேண்டியிருந்தது! பிற்காலத்தில் ஊராரின் பொறுப்பு பெரும்பாலும் துறையிடம் போய்ச் சேர்ந்தது. புதிய அணைக்குத் திறப்பு விழா உண்டு. தூர் வாருவதற்கு யார் விழா எடுக்கிறார்கள்? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மண் மேடிட்டு முட்செடி மண்டிப் போயிற்று. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று, அதன் உத்தரவுக்குப் பின் 2015இல்தான் தூர் வாரும் பணி தொடங்கியது. குடிமராமத்து என்ற பழைய பெயரை அரசு 2017இல் ஒரு திட்டத்துக்குச் சூட்டியது. 2021இல் நீர்வளம் தனித் துறையாகப் பிரிந்தது.

இனி வெள்ளத்தின் கணக்கு. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. பல குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 ரயில் பயணிகள் சிக்கித் தவித்தனர். அத்தகைய மழையை எந்தக் குளமும் முழுதாகத் தாங்காது என்பது உண்மையே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். கலிங்கின் மேல் வழியும் நீரின் அளவு, வழியும் உயரத்தின் ஒன்றரை அடுக்கைப் பொறுத்தது. கலிங்கின் அகலத்தில் பாதியைக் கருவேலமும் மண்ணும் அடைத்துவிட்டால், அதே வெள்ளம் வெளியேற நீர்மட்டம் 1.6 மடங்கு உயர வேண்டும். ஓரடி வழிய வேண்டிய இடத்தில் ஏழு அங்குலம் கூடுதலாக ஏறும். மண் கரை உடைய, கரைமேல் நீர் வழிந்தாலே போதும். அந்த ஏழு அங்குலம் சில இடங்களில் ஊருக்கும் வெள்ளத்துக்கும் நடுவே நிற்கிறது.

கடைமடைக்கு இப்போது புதிய வழி ஒன்று திறந்திருக்கிறது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. கன்னடியன் கால்வாயிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் ஓடி, சாத்தான்குளம் பக்கத்து எம்.எல். தேரியில் இக்கால்வாய் முடிகிறது. வெள்ளக்காலத்தில் தலைப்பிலிருந்து வண்டல் வரும். ஆடிக் காற்றில் தேரி மணல் நகரும் என்பதை அவ்வூர்ச் சிறுவரும் அறிவர். இரண்டையும் வாரும் வேலை முதல் கோடையிலேயே தொடங்கிவிடுகிறது.