டிவி டியூனர் அட்டை

தொலைக்காட்சி அலைகளைப் பெற்றுக் கணினித் திரையில் காட்டவும், வன்தட்டில் பதிந்து வைக்கவும் உதவும் மின்சுற்று அட்டை டிவி டியூனர் அட்டை எனப்படும். 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் இது வீட்டுக் கணினிகளில் புழங்கியது.

தொலைக்காட்சிப் படத்தைக் கணினிக்குள் கொண்டுவருவதில் முதல் தடை அதன் தரவளவே. இந்தியாவில் வழங்கிய பால் முறையில் ஒரு படத்துக்கு 768 × 576 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 2 பைட்டு, நொடிக்கு 25 படங்கள் எனக் கொண்டால், நொடிக்கு 22 மெகாபைட்டு ஆகிறது. பழைய ஐஎஸ்ஏ பாட்டையால் இதைச் சுமக்க இயலவில்லை. நொடிக்கு 133 மெகாபைட்டு வரை கடத்தவல்ல பிசிஐ பாட்டை பரவிய பின்னரே வழி பிறந்தது. புரூக்ட்ரீ நிறுவனத்தின் பிடி848 சில்லும், அதற்குப் பின் வந்த பிடி878 சில்லும் மையச் செயலிக்கு வேலை வைக்காமல் படத்தை நேரே நினைவகத்தில் எழுதின. வெவ்வேறு பெயர்களில் விற்ற பல அட்டைகளில் இருந்தது இதே சில்லுதான். அதனால் லினக்சில் 'பிடிடிவி' என்ற ஒரே இயக்கி அவற்றுக்கெல்லாம் போதுமானதாயிற்று.

பார்ப்பது எளிது, பதிவது கடினம். மேற்சொன்ன கணக்கின்படி, சுருக்காத படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 80 கிகாபைட்டு ஆகும். ஹாப்பாக் நிறுவனத்தின் பிவிஆர்-250 போன்ற அட்டைகள் எம்பெக்-2 முறையில் சுருக்கும் பணியைத் தாமே செய்து, அதைச் சுமார் 2 கிகாபைட்டாகக் குறைத்தன. (ஹாப்பாக் என்பது நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர்.) 2002-இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய மித்டிவி என்னும் கட்டற்ற மென்பொருளும், அதே ஆண்டு வந்த விண்டோசு எக்ஸ்பி மீடியா சென்டர் பதிப்பும் வீட்டுக் கணினியைப் பதிவுக் கருவியாகவே மாற்றின.

இதன் பின்னர்தான் சிக்கல் எழுந்தது. வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது பதிப்புரிமை மீறல் அன்று என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் பீட்டாமேக்ஸ் வழக்கில் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் எண்ணிம ஒளிபரப்பில் பிரதி மங்குவதில்லை. அதுவே பட நிறுவனங்களின் அச்சம். 2003 நவம்பரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 'ஒளிபரப்புக் கொடி' விதியைக் கொண்டுவந்தது. ஒளிபரப்போடு சேர்த்து அனுப்பப்படும் ஒரு குறியீட்டுக்கு, 2005 சூலை 1 முதல் உருவாக்கப்படும் எல்லா எண்ணிம டியூனர்களும் கட்டுப்பட வேண்டும் என்பது அதன் சாரம். பயனர் தாமே மாற்றியமைக்கக்கூடிய கட்டற்ற மென்பொருளுடன் இயங்கும் அட்டைகளுக்கு அவ்விதியின் கீழ் இடமே இல்லை. கெடு நாளுக்கு முன்பே அட்டைகளை வாங்கிப் பதிவுக் கணினிகளை அமைத்துக்கொள்ளுமாறு மின்னணு எல்லை அறக்கட்டளை மக்களை ஊக்குவித்தது. அமெரிக்க நூலகச் சங்கம் முதலியன வழக்குத் தொடுத்தன. அலையைப் பெற்று முடித்த பிறகு கருவி என்ன செய்கிறது என்பதைக் கட்டுப்படுத்த ஆணையத்துக்கு அதிகாரமில்லை எனக் கூறி, வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005 மே மாதம் விதியை நீக்கியது. நடைமுறைக்கு வர இரண்டே மாதம் எஞ்சியிருந்தது.

இந்தியாவில் அட்டை ஓய்ந்ததற்குக் காரணம் வேறு. இங்கே கேபிள்காரர் கொடுத்த ஒற்றைக் கம்பியை அட்டையில் செருகினாலே எல்லா அலைவரிசைகளும் வந்தன. சென்னையில் 2003 செப்டம்பர் முதல் கட்டண அலைவரிசைகளுக்குச் செட்டாப் பெட்டி தேவைப்பட்டது. 2012-இல் தில்லி, மும்பை ஆகிய நகரங்களில் தொடங்கி, நாடெங்கும் கேபிள் படிப்படியாக எண்ணிம முறைக்கு மாறியது. அதன்பின் அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் வேலை பெட்டிக்குப் போய்விட்டது. பெட்டி தரும் படத்தை வாங்கிக் காட்டுவது மட்டுமே அட்டைக்கு மிஞ்சியது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதியும் வசதி, இரண்டாவது பெட்டிக்கும் சந்தா கட்டினால்தான் என்றாயிற்று.

யுஎஸ்பி வடிவில் வந்த எண்ணிம டியூனர்களில் ஒரு வகை மட்டும் வேறு வழியில் பிழைத்தது. ஆர்டிஎல்2832யு சில்லு உள்ளவற்றை மலிவான மென்பொருள் வானொலியாகப் பயன்படுத்தலாம் என்பது 2012 வாக்கில் வெளிப்பட்டது. வானூர்திகள் 1090 மெகாஎர்ட்சில் அனுப்பும் இருப்பிடத் தகவலைப் பெற ஆர்வலர்கள் இன்றும் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.