சொரியாசிஸில் இரத்தக்குழாய் வளர்ச்சிக் குறிப்பான்கள்

சொரியாசிஸ் எனும் நாட்பட்ட தோல் அழற்சியில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுவதை இரத்தப் பரிசோதனையில் உணர்த்தும் புரதங்கள் இரத்தக்குழாய் வளர்ச்சிக் குறிப்பான்கள் என அழைக்கப்படுகின்றன. இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது, வி.இ.ஜி.எஃப். எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் இரத்தக்குழாய் உள்படல வளர்ச்சிக் காரணி. ஆன்ஜியோபொயட்டின்-2, இன்டர்லூக்கின்-8 ஆகியவையும் ஆராயப்பட்டுள்ளன.

தோலில் தெரிவது

சொரியாசிஸ் திட்டின்மேல் வெள்ளிநிறச் செதில்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அவற்றைச் சுரண்டி எடுத்தால் அடியில் குண்டூசி முனையளவு இரத்தப் புள்ளிகள் துளிர்க்கும். 19ஆம் நூற்றாண்டில் வியன்னாவில் பணியாற்றிய தோல் மருத்துவர் ஹைன்ரிஷ் ஆஸ்பிட்ஸின் பெயரால் இது ‘ஆஸ்பிட்ஸ் அறிகுறி’ எனப்படுகிறது. உள்தோலின் முகடுகளில் நுண்குழாய்கள் விரிந்தும் முறுக்கிக்கொண்டும் மேற்பரப்பை நெருங்கி நிற்கின்றன. அவற்றை மூடும் மேல்தோலும் அங்கே மெலிந்திருப்பதால் இலேசாகச் சுரண்டினாலே இரத்தம் கசிகிறது.

உருவாகும் விதம்

அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன், புதுக்குழாய் வளர்ச்சியைச் சொரியாசிஸுடன் தொடர்புபடுத்தி 1972இல் எழுதினார். நோயுற்ற மேல்தோலின் செல்களே வி.இ.ஜி.எஃப். புரதத்தை மிகுதியாக உண்டாக்குகின்றன என்பது 1994இல் காட்டப்பட்டது. இப்புரதம் புதுக்குழாய்களை முளைக்கச் செய்கிறது; இருக்கும் குழாய்களின் கசிவையும் கூட்டுகிறது. அவற்றின் வழியே வெள்ளணுக்கள் தோலுக்குள் மேலும் வந்து சேர, அழற்சி வலுக்கிறது. வலுத்த அழற்சி மீண்டும் இப்புரதத்தைத் தூண்டுகிறது.

இரத்தத்தில் அளவிடுதல்

எலைசா எனும் ஆய்வக முறையில் அளந்த பல ஆய்வுகளில், நோயாளிகளின் சராசரி வி.இ.ஜி.எஃப். அளவு நலமானவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. நோய்த் தீவிரத்தை 0 முதல் 72 வரை மதிப்பிடும் ‘பாசி’ மதிப்பெண்ணோடு சேர்ந்து இந்த அளவு ஏறியதும், சிகிச்சைக்குப் பின் இறங்கியதும் பதிவாகியுள்ளன. இரத்தம் உறையும்போது தட்டணுக்களும் இப்புரதத்தை வெளிவிடுவதால், உறையாத இரத்தத்திலிருந்து பிரிக்கும் பிளாஸ்மாவைவிட, உறைந்தபின் பிரியும் சீரத்தில் அளவு கூடுதலாகத் தெரியும். எனவே சீர அளவைப் பிளாஸ்மா அளவோடு ஒப்பிடுவது தவறு.

பயனும் வரம்பும்

புற்றுநோய், முடக்குவாதம் போன்ற பிற நோய்களிலும் வி.இ.ஜி.எஃப். அளவு உயரும். ஆகவே இதை மட்டும் வைத்துச் சொரியாசிஸ் என்று சொல்லிவிட முடியாது. தோலைப் பார்த்தும், ஐயம் இருந்தால் சிறு தோல் துண்டை எடுத்துச் சோதித்தும்தான் மருத்துவர்கள் நோயை உறுதிசெய்கிறார்கள். ஒரே நோயாளியிடம் நோயின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரவும், நோய் இயங்கும் விதத்தை அறியவும் இக்குறிப்பான்கள் ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன. அளவு குறைவாக இருக்கிறது என்பதற்காக ஒருவரின் அரிப்பையும் வேதனையையும் சிறிதென்று தள்ளிவிடக் கூடாது.