தரியா தவுலத் மாளிகையும் இரு சிறுவர்களும்

மைசூருக்குச் சுற்றுலாப் புறப்படும் நம் குடும்பங்கள், மகாராஜாவின் அரண்மனையையும் பிருந்தாவனத்து விளக்கொளியையும் கண்டு களித்தபின், திரும்பும் அவசரத்தில் சீரங்கப்பட்டணத்தில் சிறிது நேரம் இறங்குவதை வழக்கமாக்கிக்கொண்டுள்ளன. கும்பஸில் ஃபாத்திஹா ஓதிவிட்டு வண்டி ஏறிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அதனால் கிடைப்பது புலியோடு போரிட்ட ஒரு வீரரின் பெயர் மட்டுமே. அரை நாளேனும் ஒதுக்கி, காவிரிக் கரையிலுள்ள தரியா தவுலத் தோட்ட மாளிகைக்கு அவர்களை அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

1784 ஆம் ஆண்டு திப்பு சுல்தான் கட்டிய கோடைக்கால மாளிகை அது. கோட்டைக்கு வெளியே, உயர்ந்த மேடைமீது, பெரும்பகுதி தேக்கு மரத்தால் எழுந்தது. நாற்புறமும் தாழ்வாரம், சுவரிலும் தூணிலும் விதானத்திலும் வண்ணம் தீட்டாத இடம் இல்லை. கோட்டைக்குள் அவர் வாழ்ந்த லால் மஹால் பின்னாளில் இடித்துத் தள்ளப்பட்டுவிட்டபடியால், அம்மன்னரின் வாழ்வைக் கண்ணால் காண அங்கே நமக்கு எஞ்சியிருப்பவற்றுள் தலையாயது இதுவே.

மேற்குச் சுவரின் முன் பிள்ளைகள் தாமாகவே நின்றுவிடுவார்கள். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயரை முறியடித்த பொள்ளிலூர்ப் போர் அங்கே தீட்டப்பட்டுள்ளது. அந்தப் பொள்ளிலூர் வேறெங்கோ இல்லை. நம் காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூர்தான். செங்கோட்டு அணிந்த படை சதுரமாய் வளைந்து நிற்க, நடுவே வெடிமருந்து வண்டி தீப்பற்றுகிறது; காயமுற்ற கர்னல் பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார்.

"இவ்வளவு பெரிய வெற்றி கண்டவர் பிறகு ஏன் தோற்றார், அத்தா?" என்று என் மகள் அச்சுவரின் முன் நின்று கேட்டாள். சுவர் அதற்கு விடை சொல்லாது. வெற்றியை மட்டுமே தீட்டுவது அரசர்களின் இயல்பு. மீதிக் கதையைச் சொல்வது பெற்றோர் கடமை. அதை மறைத்துப் புகழ்மாலை மட்டும் சூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

1792 இல் ஆங்கிலேயரும் மராத்தியரும் நிஜாமும் ஒருசேரச் சீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தனர். தீவின் கீழ்க்கோடியில் திப்பு அருமையாய் வளர்த்த லால் பாக் தோட்டத்து மரங்களை முற்றுகை வேலைக்காக வெட்டிச் சாய்த்தனர். நாட்டில் பாதியும் 3 கோடியே 30 இலட்சம் ரூபாயும் கேட்டனர். பணம் முழுதும் வந்து சேரும்வரை பிணையாக இரு மைந்தரையும் கேட்டனர். அப்துல் காலிக்குக்கு ஏறத்தாழப் பத்து வயது; முயிசுத்தீனுக்கு எட்டு. பிப்ரவரி 26 அன்று பீரங்கிகள் மரியாதை முழங்க, யானைமீது ஏறி எதிரியின் பாசறைக்குச் சென்றனர். உடன் சென்ற வகீல் குலாம் அலி, இனி இவர்களுக்குத் தாங்களே தந்தை என்று கூறிக் கார்ன்வாலிஸிடம் ஒப்படைத்தார். கார்ன்வாலிஸ் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் அளித்தார். ஆங்கில ஓவியர்கள் அக்காட்சியைக் கருணையின் சித்திரமாகத் திரும்பத் திரும்பத் தீட்டினர். பிள்ளைகளைப் பணத்துக்கு ஈடாகப் பெற்றதில் கருணை எங்கே இருக்கிறதென்று நமக்கு விளங்கவில்லை. சென்னையில் வைக்கப்பட்ட அவர்கள் தந்தையை மீண்டும் கண்டது 1794 இல்.

1799 மே 4 அன்று கோட்டை வீழ்ந்தது, சுல்தான் ஷஹீதானார். தாக்குதலை நடத்திய பெய்ர்டு, பொள்ளிலூரில் பிடிபட்டு இதே ஊர்ச் சிறையில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் கிடந்தவர். தரியா தவுலத் மாளிகையிலோ ஆர்தர் வெல்லெஸ்லி குடியேறினார். மங்கிப்போன பொள்ளிலூர்ச் சித்திரத்தை, தம் இனத்தாரின் தோல்வியைக் காட்டும் அதே சித்திரத்தை, பின்னாளில் மீண்டும் தீட்டச் செய்தவர் டல்ஹௌசி. வரலாற்றின் விந்தை இது. கும்பஸின் தந்தம் இழைத்த கதவுகளும் அவர் அளித்தவையே.

அப்துல் காலிக்கும் முயிசுத்தீனும் மற்ற உடன்பிறந்தாரும் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10 ஆம் நாள் சிப்பாய்கள் அங்கே கிளர்ந்தெழுந்தபின், அக்குடும்பம் கல்கத்தாவுக்குக் கடத்தப்பட்டது. இளைய மைந்தர் குலாம் முகம்மது 1842 இல் கட்டிய பள்ளிவாசல் அந்நகரின் தர்மதலாவில் இன்றும் நிற்கிறது. அவ்வளவு தூரம் போக இயலாதவர்களும், ஊர் திரும்பும் வழி வேலூராயின், கோட்டைக்குள் திப்பு மஹாலையும் ஹைதர் மஹாலையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.